விரிசல் விட்ட சோலார் தகடுகளும் குடிநீர்த் தொட்டியும்

கடலூர்வாசி:
ஃபெஞ்சல் புயலின்போது தென்னை மட்டை விழுந்ததில், எங்கள் மாடியிலுள்ள 6 சோலார் தகடுகளில் இரண்டின் கண்ணாடி முழுவதும் விரிசல் விட்டுவிட்டது. மின்சாரம் தொடர்ந்து கிடைப்பதால் அப்படியே விட்டுவைத்திருக்கிறோம். ஆனால் அந்த மாடியின் மழைநீர்தான் எங்கள் சமையலுக்கான தொட்டியில் சேர்கிறது. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. காட்மியம், ஈயம் போன்றவை நீரில் கலக்குமா? கழற்றிய தகடுகளை எங்கே கொடுப்பது?

மின்பணியாளர்:
ஐயா, நீருக்கு முன்னால் மின்சாரத்தைக் கவனியுங்கள். விரிசல் வழியே ஈரம் இறங்கினால் அலுமினியச் சட்டத்தில் மின்கசிவு ஏற்படக்கூடும். இன்வெர்ட்டரை அணைத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் வெயில் படும் நேரமெல்லாம் தகடுகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும், தொடராக இணைத்த 6 தகடுகளில் அது 200 வோல்ட்டையும் தாண்டும். வீட்டுக்கு வரும் ஏ.சி. (மாறுதிசை) மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அதில் எழும் தீப்பொறி எளிதில் அணையும், சோலார் தகடுகள் தரும் டி.சி. (நேர்திசை) மின்சாரத்தில் அது நின்று எரியும். எனவே மின்னோட்டம் பாயும்போது இணைப்பிகளைப் பிடுங்காதீர்கள். ஈரமான மாடியில் ஏறவும் வேண்டாம்; சோலார் வேலை தெரிந்த, உரிமம் பெற்றவரை அழையுங்கள்.

வேதியியல் ஆசிரியை:
வீட்டு மாடிகளில் பெரும்பாலும் படிகச் சிலிக்கான் தகடுகளே இருக்கின்றன. காட்மியம் டெலுரைடு என்பது மென்படலத் தகடுகளில் ஒரு வகைக்கு உரியது. தகட்டின் பின்புறம் ஒட்டியுள்ள சீட்டில் மாடல் எண்ணைப் பார்த்து, விற்றவரிடம் வகையை உறுதிசெய்துகொள்ளுங்கள். சிலிக்கான் தகடுகளிலும் செல்களை இணைக்கும் பற்றாசில் (சால்டரில்) சிறிதளவு ஈயம் இருப்பது வழக்கம். செல்கள் பிளாஸ்டிக் படலத்துக்குள் பொதிந்திருப்பதால் அது ஒரே மழையில் கரைந்து வந்துவிடாது. ஆயினும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் அறியப்படவில்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதால், குழந்தையை முன்னிட்டு இன்றே மாடியின் மழைநீர்க் குழாயைத் தொட்டியிலிருந்து திருப்பிவிடுங்கள். கொதிக்கவைப்பதால் ஈயம் நீங்காது என்பதையும் மறவாதீர்கள்.

கழிவு மேலாண்மைப் பணியாளர்:
பழைய இரும்புக் கடைக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். அலுமினியத்தையும் செம்பையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொளுத்துவார்கள். பல தகடுகளின் பின்தாளில் ஃபுளோரின் சேர்ந்த பிளாஸ்டிக் இருப்பதால், எரியும்போது நச்சுத்தன்மையுள்ள ஹைட்ரஜன் ஃபுளோரைடு வெளிப்படும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் தகடுகளும் அடங்கும். ஆகவே முதலில் நிறுவியவரிடமோ தயாரிப்பாளரிடமோ திரும்பப் பெறுமாறு எழுத்து மூலம் கேளுங்கள். முடியாவிட்டால் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

கடலூர்வாசி:
மிக்க நன்றி. குழாயைத் திருப்பிவிட்டோம், தொட்டி நீரைச் சமையலுக்கு எடுப்பதையும் நிறுத்திவிட்டோம். நாளை மின்பணியாளர் வருகிறார்.