பெயருக்கு இத்தனை விலையா? புதிய டொமைன்களில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் சொல்லுங்கள்

மல்லிக்கடை

போன மாதம் நடந்தது, இன்னும் ஆறவில்லை. மாட்டுத்தாவணியில் எங்களுக்குப் பூக்கடை. வெளியூர்க் கல்யாண ஆர்டர்களுக்காக ஓர் இணையதளம் வைக்கலாம் என்று அப்பாவை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். டாட் காமில் எங்கள் பெயர் என்றைக்கோ போய்விட்டது, அது தெரிந்ததுதான். பூ வியாபாரத்துக்கென்றே வந்திருக்கும் புதிய பின்னொட்டு ஒன்றில் (டாட் காம் போல முகவரியின் கடைசியில் வருவது) தேடினேன். "கிடைக்கிறது" என்று பச்சை எழுத்தில் வந்தது. அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். பக்கத்திலேயே பொடி எழுத்தில் "பிரீமியம்". 58,400 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அதற்கும் கீழே, இன்னும் பொடியாக: ஆண்டுதோறும் இதே தொகை.

அப்பா ஒன்றுதான் கேட்டார்: "இது விலையா, வாடகையாப்பா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் வாழைநாரைத் தண்ணீரில் நனைக்கப் போய்விட்டார்.

கீழமாசிவீதி

நீங்கள் வாங்காமல் தப்பித்தீர்கள். நாங்கள் வாங்கித் தொலைத்தோம். மசாலாப் பொடி வியாபாரம். முதல் வருடம் 149 ரூபாய் என்று விளம்பரம் வந்தது, பாய்ந்து பிடித்தோம். அந்தச் சூட்டிலேயே மூவாயிரம் மஞ்சப்பை அடித்தோம், இணைய முகவரியைப் பெரிதாகப் போட்டு. அடுத்த வருடம் புதுப்பிக்க 4,100 ரூபாய் கேட்டார்கள். "ஒரு பெயருக்கா?" என்று அண்ணன் கையை உதறிவிட்டார். அந்தப் பெயரைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு வேறு பெயருக்கு மாறினோம்.

ஆறு மாதம் கழித்து, கடையில் கூட்டம் நெரிகிற சனிக்கிழமை மாலை. வாடிக்கையாகச் சாமான் வாங்கும் ஓர் அம்மா எங்கள் பையையே கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "தம்பி, இதில் இருக்கிற முகவரியைத் தட்டினால் ரம்மி ஆட்டம் வருகிறதே, நீங்கள் அதுவும் ஆரம்பித்துவிட்டீர்களா?" கல்லாவில் அண்ணன் முகம் போன போக்கை எழுத முடியாது. அன்று இரவு ஒன்றரை மணி வரை நானும் கடைப் பையனும் கறுப்பு மார்க்கரோடு உட்கார்ந்து பை பையாக அழித்தோம். துணியில் மை ஊறிப் பின்பக்கமும் வந்துவிட்டது.

நியாயவாதி

இருவரையும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தை முகூர்த்தத்தில் மல்லி கிலோ இரண்டாயிரத்தைத் தாண்டும்போது மல்லிக்கடைக்காரர் வாடிக்கையாளரிடம் மன்னிப்பா கேட்கிறார்? கிராக்கி இருந்தால் விலை ஏறும். நல்ல பெயரை யாரோ முன்கூட்டியே மனை வாங்கிப் போடுவதுபோல வாங்கிப் போட்டிருப்பார், இப்போது லாபம் பார்க்கிறார். மசாலாக்காரர் கதையோ பிரீமியமே இல்லை, வெறும் அறிமுகச் சலுகை. புதுப்பிப்புத் தொகையைப் படிக்காமல் பணம் கட்டியது யார் குற்றம்? எனக்கும் இதே நடந்தது. டாட் இன் வாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மல்லிக்கடை

பூவையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் சார். தையில் பனி விழுந்தால் மொட்டு வராது. பத்துக் கூடை வந்த இடத்தில் ஒரு கூடை வரும். அதையும் விடியற்காலையில் டார்ச் அடித்துப் பறிக்க ஆள் வேண்டும். மறுநாள் விற்காவிட்டால் குப்பை. அந்த விலைக்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தப் பெயரை யார் பறித்தார்கள்? யாரும் முன்னால் வாங்கவும் இல்லை. அந்தப் பின்னொட்டை நடத்தும் நிறுவனமே கடை திறக்கும் முன் நல்ல சொற்களைப் பொறுக்கித் தனியே வைத்துக்கொண்டு விலை ஒட்டியிருக்கிறது. மனை வாங்கிப் போட்டவராவது பத்திரச் செலவு செய்திருப்பார்.

சர்வர்காரன்

வடபழஞ்சிப் பக்கம் ஹோஸ்டிங் வேலை பார்க்கிறேன், அதாவது மற்றவர்களின் இணையதளங்களைச் சர்வரில் ஏற்றி வைப்பது. என் கதை சின்னது. 2017இல் ஒரு பதிவேட்டு நிறுவனம் (பின்னொட்டுகளை நடத்தும் நிறுவனம்) தன் பின்னொட்டுகள் சிலவற்றின் விலையை ஏற்றப்போவதாக அறிவித்தது. டாட் ஹோஸ்டிங் ஏறத்தாழ 20 டாலரிலிருந்து 300 டாலருக்கு. செய்தியைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர் இரவு பதினொரு மணிக்கு போனில் என்னைத் திட்டினார், அந்த நிறுவனமே என்னுடையது என்பதுபோல. அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எல்லோரும் ஒன்றைப் போட்டுக் குழப்புகிறீர்கள். நமக்கு விற்பவர் வேறு, பின்னொட்டுக்குச் சொந்தமான பதிவேடு வேறு. பிரீமியம் விலையைப் பெரும்பாலும் பதிவேடுதான் வைக்கிறது. விற்பவர் மேலே கொஞ்சம் சேர்ப்பார். டாட் காமுக்கு, பதிவேடு விற்பவரிடம் வாங்கும் மொத்த வியாபார விலையில் ஒப்பந்த உச்சவரம்பு உண்டு. 2024 செப்டம்பரில் அது 10.26 டாலர் ஆனது. புதிய பின்னொட்டுகளுக்கு அப்படி வரம்பே கிடையாது. 2012இல் இணையப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் (ICANN) அமைப்பு புதிய பின்னொட்டுகளுக்கு விண்ணப்பம் வாங்கியபோது ஒரு விண்ணப்பத்துக்கே 1,85,000 டாலர் கட்டணம், வந்தவை 1,930. பலர் கேட்ட பின்னொட்டு ஏலத்துக்குப் போனது. டாட் ஷாப் 2016இல் 4 கோடி டாலருக்கும் மேல் போனது. போட்ட காசை யாரிடம் எடுப்பார்கள்? நம்மிடம்தான்.

இனி நான் சொல்வதைச் செய்யுங்கள். பதிவேடு புதுப்பிப்பு விலையை ஏற்றினால் விற்பவருக்கு 180 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த மின்னஞ்சல் உங்களுக்கு வந்தால் குப்பையில் தள்ளாதீர்கள். பழைய விலையிலேயே மொத்தம் பத்து ஆண்டு வரை முன்கூட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் ஒரே புதுப்பிப்பு விலைதான் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு, ஆனால் வாங்கும்போதே அதிக விலைக்குச் சம்மதித்திருந்தால் அது உங்களைக் காப்பாற்றாது. பிரீமியம் பெயரில் நீங்கள் டிக் அடிக்கும் அந்தச் சிறு கட்டம் அதற்குத்தான். பெயரைக் கைவிடுவதென்றாலும் உடனே விடாதீர்கள், இரண்டு மூன்று ஆண்டு புதுப்பித்துச் சும்மா வைத்திருங்கள். பையில் அச்சடித்த பெயரை விடவே விடாதீர்கள். காலாவதியானாலும் மீட்க 30 நாள் தவணை பொதுவாக உண்டு, அபராதம் மட்டும் கண்ணைக் கட்டும்.

நியாயவாதி

சர்வர்காரர் சொன்னது சரி. "யாரோ வாங்கிப் போட்டிருப்பார்" என்று நான் எழுதியது தவறு. ஆனாலும் டாட் இன் இருக்கும்போது இந்த ஆசை எதற்கு என்பதில் மாற்றமில்லை.

மேலூர்டீச்சர்

அப்படி ஆசைப்படாமல் நான் டாட் இந்தியா வாங்கினேன், தமிழ் எழுத்திலேயே. 2011இலேயே அந்தப் பின்னொட்டுக்கு அனுமதி வந்துவிட்டது. பிரீமியமும் இல்லை, ஒன்றும் இல்லை, மலிவாகத்தான் கிடைத்தது. அம்மாவுடைய தையல் வகுப்புக்காக. திரையில் முழுக்க முழுக்கத் தமிழில் முகவரி நின்றபோது அம்மா அதைத் தொட்டுப் பார்த்தார்.

பிறகு ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கப் போனோம். மின்னஞ்சல் கட்டத்தில் எங்கள் முகவரியைப் போட்டதும் சிவப்புக் கோடு: "தவறான எழுத்து". அங்கிருந்த பையன் மூன்று முறை அடித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், சரியான முகவரி ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டான். சரியான முகவரி! என்னிடம் எட்டாம் வகுப்பில் தமிழ் படித்தவன்.

மல்லிக்கடை

சர்வர்காரருக்கு நன்றி, நான் ஆலோசனை கேட்கவில்லை என்றாலும். நேற்று ஊர்ப் பெயரையும் சேர்த்து நீளமாக ஒரு டாட் இன் வாங்கிவிட்டேன், 700 ரூபாய்க்குள். அப்பாவிடம் காட்டினேன். "சரி, இது விலையா வாடகையா?" என்றார். இதுவும் வாடகைதான் அப்பா என்றேன். "அப்படியென்றால் தேதியை நாட்காட்டியில் எழுது" என்று சொல்லிவிட்டு, அவரே எழுந்து போய்ச் சுவரில் எழுதினார், பால்காரர் கணக்குக்குப் பக்கத்தில்.

கீழமாசிவீதி அண்ணாச்சி, அந்தப் பைகள் என்ன ஆயின?

கீழமாசிவீதி

எண்ணூறு பை மிச்சம். கிடங்கில் வெங்காயம் கட்டி வைத்திருக்கிறோம்.