மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள் லீவுதானா?

கொழுந்துமலை:
விவரம் தெரிந்த அக்காமார், அண்ணன்மார் சொல்லுங்கள். இலங்கையில் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். இப்போது ஏழாவது மாதம், மூன்றாவது பிள்ளை. தோட்ட ஆபீசில் பிரசவ லீவு கேட்டேன். "ரெண்டு பிள்ளை இருக்குதானே, மூணாவதுக்கு 42 நாள்தான்" என்று கிளாக்கர் ஐயா சொல்லிவிட்டார். மூன்றாவது பிள்ளை என்றால் உடம்பு பாதி நாளிலேயே தேறிவிடுமா? பச்சை உடம்போடு கொழுந்து சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு எப்படி மலை ஏறுவது?

வீட்டுக்காரர் அட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார். அரிசி, மா, லைட் பில், பிள்ளைகளின் கொப்பி, பஸ் காசு எல்லாம் போக, மாதக் கடைசியில் கடைக்கடன்தான். பால்மாவை இப்போதே தண்ணியாகத்தான் கரைக்கிறேன். பிரசவத்துக்கு அவருக்கு லீவு கிடைக்குமா?

பழைய செக்ரோல்:
தங்கச்சி, அது பழைய சட்டம். 2018இல் திருத்திவிட்டார்கள். எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள்தான். பிரசவத்துக்கு முன் 2 கிழமை, பின் 10 கிழமை. தோட்டத்தில் சம்பளத்தில் ஏழில் ஆறு பங்கு என்று கணக்கு. அதாவது 72 நாள் சம்பளம். நாளுக்கு 1,350 ரூபாய் என்று வைத்தாலே 97,200 வரும். 42 நாள் என்று விட்டால் பாதி, 48,600 போய்விடும். சும்மா விடாதீர்கள். கடிதமாக எழுதிக் கொடுத்து, பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். சங்கத்தின் தோட்டத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்படியும் சரிவராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். கர்ப்பத்தைக் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது.

அட்டன் தம்பி:
அக்கா, அண்ணனைப் போல நானும் கடையில்தான் நிற்கிறேன். தனியார் துறையில் அப்பாவுக்கென்று பிரசவ லீவு சட்டத்தில் இல்லை. அரசாங்க வேலை என்றால் 3 நாள். ஆனால் கடை, அலுவலகச் சட்டப்படி ஒரு வருடம் தாண்டியவர்களுக்கு வருட லீவு 14 நாள், அவசர லீவு 7 நாள் உண்டு. அதை இப்போதே முதலாளியிடம் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். என் மகன் பிறந்தபோது அப்படித்தான் எடுத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் சுடுதண்ணிப் போத்தலோடு நிற்க நமக்கும் சட்டத்தில் நாலு நாள் வேண்டும். நான் விடாமல் கேட்பேன்.

கொழுந்துமலை:
ரொம்ப நன்றி அக்கா, தம்பி. கடிதத்தை மூத்த மகள் எழுதுகிறாள். அப்புறம் இன்னொன்று. லீவு முடிந்து மலைக்குப் போனால் பால் கொடுக்க நடுவில் விடுவார்களா? கங்காணி முறைப்பாரே.

பழைய செக்ரோல்:
பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை நாளுக்கு இரண்டு தடவை விட வேண்டும். தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) இருந்தால் தலா அரை மணி, இல்லையென்றால் தலா ஒரு மணி நேரம். அது வேலை நேரத்தில் சேர்ந்ததுதான், அதற்காக அன்றைய பேரை (நாள் சம்பளத்தை) வெட்ட முடியாது. இதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள்.