விண்டோ பீரியட்: ‘சாளரக் காலம்’ வேண்டாம், ‘தென்படாக் காலம்’ சரியா?

கிருமி தொற்றியதிலிருந்து அது சோதனையில் தெரியும்வரை உள்ள காலத்தை ஆங்கிலத்தில் ‘விண்டோ பீரியட்’ என்கிறார்கள். அதற்குச் ‘சாளரக் காலம்’ ஏற்கெனவே புழங்குகிறதே, புதுச்சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். புழங்குகிறது ஐயா, ஆனால் கேட்பவருக்கு அது என்ன சொல்கிறது? சாளரம் என்றால் திறப்பு, வெளிச்சம். இங்கே நடப்பதோ நேர்மாறு: கிருமி உள்ளே வந்து பெருகத் தொடங்கியாயிற்று, பரிசோதனைக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.

எச்.ஐ.வி. விரைவுப் பரிசோதனையையே பாருங்கள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு கோடு. அந்தக் கோடு சோதனை ஒழுங்காக நடந்திருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அடையாளம்; தொற்றைக் காட்டும் இரண்டாவது கோடு விழ வேண்டுமானால், கிருமியை எதிர்க்க உடம்பு சுரக்கும் எதிர்ப்பொருள் போதிய அளவு உண்டாகியிருக்க வேண்டும், தொற்று ஏற்பட்டதிலிருந்து அதற்கு 23 முதல் 90 நாள்வரை ஆகலாம். ஆய்வகத்தில் எதிர்ப்பொருளோடு வைரஸின் புரதமான பி24 ஆன்டிஜெனையும் சேர்த்துப் பார்த்தால் 18 முதல் 45 நாள், வைரஸின் மரபுப்பொருளையே தேடினால் 10 முதல் 33. ஆக, எந்தச் சோதனை என்பதைப் பொறுத்து இந்தக் காலம் நீளும், சுருங்கும். ஒற்றைக் கோட்டைப் பார்த்து நிம்மதியாகக் கிளம்புகிறவரின் ரத்தத்தில் அப்போதுதான் வைரஸ் உச்சத்தில் இருக்கக்கூடும், பிறருக்குத் தொற்றும் வாய்ப்பும் அப்போதே அதிகம். அதனால்தான் சொல் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறேன்.

இதற்கு ‘மறைகாலம்’ என்று வைக்கலாமே என்றால், நல்ல சொல்தான், ஓசையும் அழகு. ஆனால் பாலுறவால் பரவும் சிபிலிஸ் நோயில் ‘மறைநிலை’ என்று ஒன்று இருக்கிறது. அங்கே புண் ஆறிப்போய் அறிகுறி ஏதும் இல்லாமல் இருக்கும், ரத்தப் பரிசோதனையோ காட்டிக்கொடுத்துவிடும். நாம் பேசுவதில் சோதனையே காட்டாது. இரண்டுக்கும் ‘மறை’ போட்டால் மாணவர்கள் குழம்பித்தான் போவார்கள். ‘அடைகாலம்’ வேறு கணக்கு, தொற்றியதிலிருந்து அறிகுறி தோன்றும்வரை.

அப்புறம், ‘பிடிபடாக் காலம்’. எனக்கு முதலில் இதுதான் பிடித்தது, ‘டெஸ்ட்ல பிடிபடல’ என்றுதானே எல்லோரும் சொல்கிறோம். ஆனால் பிடிபடுவது திருடன் என்று ஒருவர் எழுதியதை ஒதுக்க முடியவில்லை. கிருமியைத்தான் சொல்கிறோம் என்றாலும் அது நோயாளிமேல்தான் போய் விழும், ஏற்கெனவே அவர்களுக்குக் கேட்கிற பேச்சு போதும். ‘தென்படா’வில் அந்த வாடை இல்லை, ‘சோதனைக்குத் தென்படாக் காலம்’ என்று விரித்தும் சொல்லலாம்.

இன்னொரு சிக்கல். எச்.ஐ.வி. தொற்று வாய்ப்பு நேர்ந்தபின் எடுக்கும் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். அந்த 72 மணி நேரத்தையும் சிலர் ‘சாளரம்’ என்று எழுதுகிறார்கள். ஒன்றில் காத்திருக்க வேண்டும், மற்றதில் ஓட வேண்டும், இரண்டுக்கும் ஒரே சொல்லா? அதற்குக் ‘கெடு’ என்று அருமையான சொல் கையில் இருக்கிறதே. ‘72 மணி நேரக் கெடு’ என்றால் யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

பரிசோதனை முடிவுச் சீட்டில் எழுதிப் பார்த்தேன்: “இப்போது தொற்று காணப்படவில்லை. தென்படாக் காலம் இன்னும் முடியவில்லை. கீழே குறித்த தேதிக்குப் பின் மறுபடி பரிசோதிக்கவும், அதுவரை ஆணுறை தவறாமல் பயன்படுத்தவும்.” எனக்கு உறுத்தவில்லை. இதே வாக்கியத்தில் இதைவிடச் சின்னதாகப் பொருந்துகிற சொல் இருந்தால் போடுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.