இறுதி ஊர்வல வெடிக்கு மிரளும் நாய்: என்ன செய்வது?

மன்னார்குடி வாசகர்:
எங்கள் வீடு சுடுகாட்டுச் சாலையை ஒட்டி உள்ளது. நாங்கள் வளர்க்கும் நான்கு வயது நாட்டு நாய், இறுதி ஊர்வலத்தின் சரவெடி தெருமுனையில் கேட்டதுமே பத்தாயத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் புகுந்துகொண்டு, எச்சில் ஒழுக நடுங்குகிறது. கருவாட்டுச் சோறு வைத்தாலும் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. சென்ற மாதம் சங்கிலியில் கட்டியிருந்தபோது வெடித்ததால், கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடி, மறுநாள் மாலைதான் வாய்க்கால் கரையில் கிடைத்தது. தடவிக் கொடுத்தால் பயம் கூடிவிடும் என்று உறவினர்கள் சொல்வதால் அருகில் போகவும் தயங்குகிறோம். ஐப்பசியில் இடியும் தீபாவளியும் சேர்ந்து வருமே என்று கவலையாக இருக்கிறது.

கும்பகோணம் வாசகர்:
தடவிக் கொடுங்கள் ஐயா. அச்சம் என்பது நாய் கற்றுக்கொண்டு செய்யும் வித்தையன்று, நாம் ஆறுதல் சொல்வதால் அது வளர்ந்துவிடாது. அந்த இடுக்கை நாயே தேர்ந்தெடுத்திருப்பதால் அங்கிருந்து வெளியே இழுக்காமல், உள்ளே ஒரு சாக்கை விரித்து, சன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் வானொலியையும் ஓடவிடுங்கள். வெடிக்கும் நேரத்தில் சங்கிலி மட்டும் வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று காலை 6 முதல் 7 மணி வரையும், இரவு 7 முதல் 8 மணி வரையும்தான் வெடிக்க அனுமதி என்பதால், அதற்கு முன்பே வெளியே அழைத்துச் சென்று வந்துவிடலாம். (எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது என்பது வேறு கதை.)

பட்டுக்கோட்டை வாசகர்:
மேலே சொன்னது அந்த நேரத்துக்கு உதவும். பயமே குறைய வேண்டுமென்றால் பல வாரங்கள் பழக்க வேண்டும். கைபேசியில் வெடிச் சத்தத்தை, நாய் காதை மட்டும் அசைக்கும் அளவுக்கு மெதுவாக ஒலிக்கவிட்டு, உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுக்க வேண்டும். நான் முதலில் கோழியைக் காட்டிவிட்டுச் சத்தத்தைப் போட்டேன். நான்கே நாளில் கோழிக் கிண்ணத்தைக் கண்டாலே எங்கள் நாய் கட்டிலுக்கடியில் ஓடத் தொடங்கிவிட்டது. சத்தம் முன்னே, தீனி பின்னே என்ற வரிசை மாறக் கூடாது. தின்ன மறுத்தால் ஒலி அதிகம் என்று பொருள். குறைத்துவிட்டு மறுநாள் தொடருங்கள். கைபேசியில் வெடியின் அதிர்வு வராது என்பதால், பிறகு மெய்யான வெடியையும் வயலுக்கு அப்பால், வெகு தொலைவிலிருந்து கேட்கவைத்தே பழக்கினேன்.

திருவாரூர் வாசகர்:
ஐப்பசிக்குள் இந்தப் பயிற்சி முடியாது. இவ்வளவு மிரளும் நாய்க்கு மருந்தும் தேவைப்படலாம். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தானே, இப்போதே காட்டிவிடுங்கள். அசிப்ரோமசின் மாத்திரையை மட்டும் கொடுத்தால் உடல் தளருமே தவிர அச்சம் தணியாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே அசைய முடியாமல் கிடக்கும். எங்கள் நாய்க்கு ஓராண்டு அப்படிச் செய்துவிட்டு, நன்றாகத் தூங்குகிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். பதற்றத்தையே தணிக்கும் மருந்துகள் வேறு இருக்கின்றன. மருத்துவர் எடை பார்த்துத் தருவார், சத்தம் தொடங்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். இந்தப் பயம் அண்மையில்தான் தொடங்கியதென்றால் மூட்டிலோ காதிலோ வலி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

மன்னார்குடி வாசகர்:
அனைவருக்கும் நன்றி. சாக்கு விரித்தாயிற்று, வியாழனன்று ஒரத்தநாடு செல்கிறோம். நேற்று வந்த ஊர்வலத்தாரிடம் மதகு தாண்டும்வரை வெடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், மறுக்காமல் நிறுத்திவிட்டார்கள். பறைச் சத்தத்துக்கு அது தலையைக்கூடத் தூக்கவில்லை.