மயில் இவ்வளவு பெருகியது எப்படி? நாலு ஏக்கர்காரன் என்ன செய்வது?

தாராபுரம்_தோட்டம்:

எங்களுக்குத் தாராபுரத்துக்குத் தெற்கே 4 ஏக்கர் தோட்டம். தண்ணீர் இருக்கிற வருடம் தக்காளி, மிளகாய் வைப்போம், இல்லாவிட்டால் மக்காச்சோளம். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், அதாவது 1990களில், மயில் பார்க்க வேண்டும் என்றால் பழனிக்கோ விராலிமலைக்கோ போகும்போதுதான் பார்ப்போம், தோட்டத்தில் ஒரு மயில் இறகு கிடைத்தால் நோட்டுக்குள் வைத்து அது குட்டி போடும் என்று காத்திருந்த ஆட்கள்தான் நாங்கள். இப்போது காலையில் சாளையை (தோட்டத்து வீட்டை) விட்டு வெளியே வந்தால் வரப்பில் வரிசையாக நிற்கிறது. போன வாரம் ஒரே நேரத்தில் 23 எண்ணினேன்.

மக்காச்சோளம் ஊன்றி நாலாம் நாள் முளை தலைகாட்டும்போது ஒவ்வொன்றாக நிமிண்டி அடியில் இருக்கிற விதையைத் தின்றுவிட்டுப் போகிறது. இந்த முறை ஒரு ஏக்கருக்கு இரண்டாம் தடவை விதை வாங்கி ஊன்றினேன். தக்காளி பழுக்க ஆரம்பித்தால் ஒரு பழத்தை முழுதாகத் தின்றாலும் மனசு ஆறும், பத்துப் பழத்தில் ஒவ்வொரு கொத்து கொத்தி வைத்தால் எந்த வியாபாரி எடுப்பான்?

இரண்டு கேள்வி. ஒன்று, இத்தனை மயில் திடீரென்று எங்கிருந்து வந்தது? எங்கள் பக்கம் காடு எதுவும் புதிதாக வளரவில்லை, மழையும் கூடவில்லை, தோட்டங்கள்தான் குறைந்திருக்கின்றன. இரண்டு, பட்டாசு, பழைய சேலை, மின்னும் ரிப்பன் எல்லாம் பார்த்தாயிற்று, வேறு ஏதாவது யாருக்காவது உருப்படியாகப் பலித்திருக்கிறதா?

—

சும்மா_ஒருவன்:

குருணை மருந்தை அரிசியில் கலந்து வரப்பில் வைத்தால் ஒரே ராத்திரியில் முடிந்தது. யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், செய்கிறவர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

—

கிளுவைவேலி:

மேலே எழுதியவருக்கு முதலில். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி, யானை இருக்கிற அதே அட்டவணை. 3 ஆண்டில் இருந்து 7 ஆண்டு வரை உள்ளே போகலாம். அதை விடுங்கள், அந்த அரிசியை உங்கள் கோழியும் பக்கத்துத் தோட்டத்து நாயும் தின்னும், செத்த மயிலைத் தின்கிற கீரியும் சாகும். இந்த யோசனையை இங்கே இனி எழுத வேண்டாம்.

தாராபுரம் தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எனக்கு 67 வயது, காங்கேயம் பக்கம். எங்கள் அப்பா காலத்தில் 12 ஏக்கர் கொறங்காடு இருந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், கொறங்காடு என்றால் மாடு மேய்வதற்கென்றே விட்ட மானாவாரி நிலம், உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவையில் உயிர்வேலி. காங்கேயம் மாடு அதில்தான் வளர்ந்தது. அந்த வேலி அடியில் கௌதாரி, காடை, முயல், ஓணான், கீரி எல்லாம் குடியிருக்கும், சாயங்காலம் ஆனால் நரி ஊளையிடும். மயிலும் இருந்திருக்கிறது, பஞ்சவர்ணக் கிளி மாதிரி அபூர்வம் இல்லை, ஆனால் மொத்தமாக ஐந்தோ ஆறோ.

நானே அந்தக் கொறங்காட்டில் பாதியை விற்றேன். வாங்கியவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார், கம்பி வேலி போட்டுப் பூட்டிவிட்டுப் போனவர் 11 வருடமாக உள்ளே கால் வைக்கவில்லை. மாடு மேயவில்லை, ஏர் ஓடவில்லை, ஆள் நடமாட்டமே இல்லை. சீமைக்கருவேலும் உண்ணிச் செடியும் தலைக்கு மேல் நிற்கிறது. மயில் தரையில்தான் பள்ளம் பறித்து முட்டை வைக்கும், ஒரு பெட்டைக்கு நாலில் இருந்து ஆறு முட்டை, ஏறக்குறைய நாலு வாரம் அடை. அந்த நாலு வாரம் யாரும் மிதிக்காத இடம் வேண்டும், அதை நாங்கள் பூட்டுப் போட்டே கொடுத்திருக்கிறோம். பக்கத்திலேயே சொட்டுநீரில் என் தக்காளி. படுக்க அங்கே, சாப்பிட இங்கே, குடிக்க என் தொட்டி, ராத்திரி அடைய என் தென்னை, வேறென்ன வேண்டும் அதற்கு?

முந்தி நரி இருந்தது, முட்டையையும் குஞ்சையும் எடுக்கும். ஆடு பிடிக்கிறது என்று நாங்களே விஷம் வைத்தும் வெடி வைத்தும் நரியை ஒழித்தோம். அதில் என் பங்கும் உண்டு.

—

பறவைக்கிறுக்கன்:

கோயம்புத்தூரில் இருந்து எழுதுகிறேன், வார இறுதியில் பறவை பார்க்கிற கூட்டம். அண்ணா சொன்ன நரிக் கணக்கை எல்லாரும் சொல்கிறார்கள், பொய் இல்லை, ஆனால் அதையே முழுக் காரணமாக வைத்தால் இடிக்கிறது. நரி போன இடத்துக்கு ஊர்நாய் வந்துவிட்டது, அதுவும் மயில் குஞ்சைத் தூக்குகிறது, சூலூர்ப் பக்கம் ஒரு தாய்க்குப் பின்னால் போன நாலு குஞ்சில் இரண்டை நாய் எடுத்ததை நானே பார்த்தேன். அப்படியும் மயில் கூடுகிறது.

எனக்குத் தோன்றுவது இது. மயில் அடர்ந்த காட்டுப் பறவை இல்லை. வறண்ட, வெட்டவெளியான, நடுநடுவே புதர் இருக்கிற நிலம்தான் அதற்குப் பிடித்தது. நாம் எல்லா நிலத்தையும் அந்த மாதிரி ஆக்கிக்கொண்டிருக்கிறோம். நாடு முழுக்கப் பறவை பார்ப்பவர்கள் இணையத்தில் ஏற்றிய பட்டியல்களை வைத்து 2020லும் 2023லும் இந்தியப் பறவைகளின் நிலை என்று அறிக்கை வந்தது. இரண்டிலுமே மயில் வேகமாகக் கூடுகிற பறவைகளில் ஒன்று. ஆள் அதிகமாகப் பார்ப்பதால் அதிகமாகத் தெரிகிறதோ என்று சந்தேகம் வரும், எனக்கும் வந்தது. எத்தனை மயில் என்று அவர்கள் கூட்டவில்லை, நூறு பட்டியல் வந்தால் அதில் எத்தனையில் மயில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள், அதனால் ஆள் கூடியது கணக்கைக் கெடுக்காது.

அதே அறிக்கையில் எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. பனங்காடை குறைந்துகொண்டு வருகிறது. தாராபுரம் ரோட்டில் மார்கழியில் கரண்டுக் கம்பியில் நீலமாக உட்கார்ந்திருக்குமே, அதுதான். வெட்டவெளியில் வாழ்கிற வானம்பாடி வகைகளும் வேட்டையாடும் பறவைகளும் குறைகின்றன. எல்லாம் ஒரே நிலம்தான் அண்ணா. எது கிடைத்தாலும் தின்னுகிற பறவை, ஆளைப் பார்த்துப் பயம் விட்டுப்போன பறவை, அதற்கு இந்த மாற்றம் பண்டிகை. பூச்சியை மட்டும் நம்பி இருப்பது காலியாகிறது, நாம் தெளிக்கிற மருந்தில் பூச்சி ஏது?

—

கொழிஞ்சாம்பாறை:

நாங்கள் பாலக்காட்டு ஜில்லா, கேரளம்தான், ஆனால் வீட்டில் தமிழ். இங்கே கதை இன்னும் பளிச்சென்று தெரியும். 1933இல் சலீம் அலி திருவிதாங்கூர், கொச்சி முழுக்கச் சுற்றிப் பறவைக் கணக்கெடுத்தபோது மயில் அவர் கண்ணில் படவே இல்லை. மழை அவ்வளவு, ஈரம் அவ்வளவு. அதற்கப்புறமும் ரொம்ப நாள் கேரளத்தில் மயில் என்றால் உங்கள் கோவைக் காற்று கணவாய் வழியாக அடிக்கிற எங்கள் கிழக்குப் பக்கம்தான். 2007 வாக்கில் சூலனூரில் மயிலுக்கென்று ஒரு சரணாலயமே வைத்தார்கள், பாதுகாக்க வேண்டிய பறவை என்று நினைத்த காலம் அது. இன்றைக்குத் திருச்சூர், எர்ணாகுளம் தாண்டித் தெற்கே வரைக்கும் போய்விட்டது, நெல் வயலில் கதிர் உருவுகிறது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்து ஆட்கள் 2020இல் இதை ஆய்வு செய்து, மாநிலம் வறண்டு வருவதற்கு மயில் ஒரு அறிகுறி என்றே எழுதினார்கள்.

என் மாமியார் இன்னும் ஒப்புக்கொள்ள மாட்டார், முருகன் வந்திருக்கிறான் என்று அரிசி போடுகிறார். எங்கள் தென்னந்தோப்பில் போர் போட்டு 900 அடியில் தண்ணீர் எடுக்கிறோம், அதைச் சொன்னால் அது வேறு இது வேறு என்கிறார்.

—

வன்னியான்:

இலங்கையில் இருந்து எழுதுறன், கிளிநொச்சிப் பக்கம். இங்க மயில் எப்பவும் இருந்தது, எங்கட உலர் வலயப் பறவைதான். ஆனால் இப்ப தெற்கே ஈர வலயத்திலும், கொழும்பை அண்டின இடங்களிலும் வந்துவிட்டதாம், பாலக்காட்டு அண்ணை சொன்னதும் இதுவும் ஒரே கதைதான் போல.

எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சண்டைக் காலத்தில் சனம் இடம்பெயர்ந்து போனபிறகு காணிகள் வருடக்கணக்காகக் கிடந்தன. 2010இல் நாங்கள் திரும்பி வந்து பார்த்தபோது வளவுக்குள் பற்றை மண்டி, கிணற்றுக் கட்டில் மயில் நின்றது. நாங்கள்தான் விருந்தாளி மாதிரி நின்றோம். இப்போது கச்சான் (நீங்கள் சொல்ற வேர்க்கடலை) போட்டால் பாதி அதுகளுக்கு.

2025 மார்ச் 15இல் அரசாங்கம் ஒரு கணக்கெடுப்பு வைத்தது, காலை 8 மணியில் இருந்து 5 நிமிடம் எல்லோரும் அவரவர் வளவில் நிற்கிற குரங்கு, மர அணில், மயில் எண்ண வேண்டும். நானும் பேப்பரும் பேனையுமாக நின்றேன். தினமும் பத்துப் பதினைந்து நிற்கிற இடத்தில் அந்த 5 நிமிடம் ஒன்றுகூட வரவில்லை, சுழியம் என்று எழுதிக் கொடுத்தேன், 8.10க்கு முழுக் கூட்டமும் வந்தது! நாடு முழுக்க மயில் 40 லட்சத்துக்கு மேல் என்று முடிவு வந்தது, என்னுடையதைச் சேர்க்காமலே.

—

தாராபுரம்_தோட்டம்:

எல்லாருக்கும் நன்றி. கிளுவைவேலி அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு மொட்டை மாடியில் ஏறி நின்று பார்த்தேன். எங்கள் தோட்டத்தைச் சுற்றி விவசாயம் நடக்கிற தோட்டம் மூன்றுதான், மற்றதெல்லாம் பிளாட் கல் நட்டதும் சும்மா கிடப்பதும். அப்போது சுற்றுவட்டாரத்து மயிலுக்கெல்லாம் சோறு போடுகிறவர்கள் நாங்கள் மூன்று பேர். இது எனக்கு இத்தனை நாள் உறைக்கவில்லை.

நஷ்டஈடு கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன், யானை, பன்றி என்றால் எழுதிக் கொடுங்கள், மயிலுக்கு எதை வைத்து அளப்பது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வனத்தில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற காட்டுப்பன்றியை வனத்துறையே சுடலாம் என்று 2025 தொடக்கத்தில் அறிவிப்பு வந்ததே, அந்த மாதிரி மயிலுக்கு எதுவும் வராது என்று தெரியும், 1963இல் இருந்து தேசியப் பறவை. வரவும் வேண்டாம், சுடுவதற்கு எனக்கும் மனசு இல்லை. பேகன் ஆண்ட சீமையில் பிறந்துவிட்டுத் துப்பாக்கி கேட்க முடியுமா, ஆனால் அவன் போர்வைதான் கொடுத்தான், மக்காச்சோளம் கொடுக்கவில்லை.

என் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

—

உடுமலை_ராசாத்தி:

நான் சொல்கிறேன். நாங்கள் 6 ஏக்கர், வருடம் இரண்டு போகம் மக்காச்சோளம். சேலை கட்டினால் ஐந்து நாள், ரிப்பன் ஒரு வாரம், பட்டாசு மூன்று நாள். அப்புறம் மயில் அந்தச் சேலை மேலேயே உட்காரும். எதையும் ஒரே இடத்தில் விட்டால் பழகிவிடும், அதுதான் விஷயம்.

மக்காச்சோளத்துக்கு ஆபத்து ஊன்றியதில் இருந்து 12, 13 நாள்தான், பயிர் வேர் பிடித்து நிமிர்ந்துவிட்டால் பிடுங்க வராது. மயில் நாள் பூராவும் மேயாது, விடிந்து ஒரு இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு இரண்டு மணி நேரம், வெயிலில் மர நிழலில் படுத்துக்கிடக்கும். அதனால் அந்த 13 நாள், அந்த நாலு மணி நேரம் ஆள் நின்றால் போதும். நாங்கள் பக்கத்துத் தோட்டத்து இரண்டு குடும்பத்தோடு பேசி ஒரே வாரத்தில் ஊன்றுகிறோம், முறை வைத்து நிற்கிறோம், எங்கள் நாயையும் கூட்டிக்கொண்டு போவேன். முந்தி தனித்தனியாக ஊன்றியபோது முதலில் ஊன்றினவனுக்குத்தான் முழு அடியும். இப்போதும் சேதம் உண்டு, ஆனால் மறுபடி விதை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது.

தக்காளிக்கு எனக்கும் வழி தெரியவில்லை, செங்காயாகவே பறித்துவிடுகிறோம், விலையில் கொஞ்சம் அடிபடும். ஓரத்தில் தரிசு இருந்தால் அந்த நிலத்துக்காரரிடம் கேட்டு வேலியை ஒட்டி 10 அடியாவது புதரை வெட்டிவிடுங்கள், மறைவில்லாத இடத்தைத் தாண்டி வர மயில் தயங்கும். முட்டை இருக்கிற மாதத்தில் வெட்டாதீர்கள்.

வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடி விரட்டிய பறவையில் மயிலும் இருந்திருக்கும், கடைசியில் மாப்பிள்ளையே மயிலில் வந்தார். நம் பொழைப்பு அன்றைக்கே அப்படித்தான்.

—

கிளுவைவேலி:

ராசாத்தி அம்மணி சொன்னது சரி. திருப்பூர்க்காரருக்கு நேற்று போன் போட்டேன், உள்ளே ஆடு மேய்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார், சாவி யாரிடம் இருக்கிறது என்று அவருக்கே நினைவில்லை.

—

தாராபுரம்_தோட்டம்:

பக்கத்து இரண்டு தோட்டத்திலும் பேசிவிட்டேன். ஒருவர் சரி என்றார், இன்னொருவர் புரட்டாசியில் ஊன்ற மாட்டாராம், ஐப்பசிதான் என்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய்ப் பேச வேண்டும். நாய்க்குட்டி ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்.