நுண்சுழிப்பா, சிற்றளவுக் கொந்தளிப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

சூரியனிலிருந்து ஓயாமல் வெளியேறும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம்தான் சூரியக் காற்று. அதன் காந்தப்புலம் சிறிய அளவுகளில் தாறுமாறாக ஏறியிறங்குவதற்கு (small-scale turbulence) ‘நுண்சுழிப்பு’ என்று ஒரு தமிழ்ச்சொல் வந்திருக்கிறது. காதுக்கு இனிமை, சுருக்கமும்கூட. ஆனால் முன்பாதி, பின்பாதி இரண்டுமே எனக்கு உறுத்துகின்றன.

நுண்ணுயிர், நுண்ணோக்கி என்று பழகியவர்களுக்கு ‘நுண்’ என்றால் கண்ணுக்கு எட்டாதது. இங்கே பேச்சோ ஏறத்தாழ 100 கிலோமீட்டரைப் பற்றி! பூமிக்கு அருகே, சூரியக் காற்றில் ஒரு புரோட்டான் காந்தப்புலக் கோட்டைச் சுற்றும் வட்டத்தின் ஆரம் அந்த அளவில்தான் இருக்கும். 15 கோடி கிலோமீட்டர் கடந்து வந்த காற்றுக்கு அது சிறிது, அவ்வளவுதான். நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் காற்று விண்கலத்தைக் கடக்கும்போது இந்த 100 கிலோமீட்டர் கால் நொடியில் போய்விடும். நொடிக்கு ஒருமுறை மட்டும் அளக்கும் காந்தமானியில் அது தடமே விடாது. ‘நுண்’ணை எலக்ட்ரான் சுற்றும் வட்டத்தின் அளவுக்கு ஒதுக்கலாமே என்றால், அதுவும் ஓரிரு கிலோமீட்டர். ‘சிற்றளவு’ போதும், எதனோடு ஒப்பிட்டுச் சிறியது என்ற கேள்வியை அது திறந்தே வைக்கிறது.

‘சுழிப்பு’ இன்னும் சிக்கல். பெரிய சுழி உடைந்து சிறுசுழிகளாகி, அவையும் உடைந்து ஆற்றல் கீழிறங்கும் என்ற படத்துக்கு 1941இல் ரஷ்யக் கணிதவியலர் கோல்மோகோரோவ் கணக்கு எழுதினார். அதன்படி ஆற்றல் நிறமாலை, அதாவது எந்த அளவில் எவ்வளவு ஆற்றல் என்ற வரைபடம், சிறிய அளவுகளை நோக்கி 5/3 அடுக்கில் சரியும். சூரியக் காற்றின் பெரிய அளவுகளில் காந்தப்புல நிறமாலையும் கிட்டத்தட்ட அப்படியே சரிகிறது. அங்கே சுழி என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். புரோட்டான் சுற்றும் அந்த 100 கிலோமீட்டர் அளவுக்குக் கீழே போனதும் சரிவு செங்குத்தாகி 2.8ஐ ஒட்டிவிடுகிறது. புரோட்டான்கள் காந்தப்புலத்தோடு சேர்ந்து நகர்வதை அங்கே விட்டுவிடுகின்றன. மிஞ்சுபவை உருமாறிய ஆல்வேன் அலைகளும் (காந்தப்புலக் கோடுகள் நாண்போல அதிர்ந்து ஓடும் அலைகள்) மெல்லிய மின்னோட்டத் தகடுகளும். அங்கே எது சுழிக்கிறது?

‘கலக்கம்’ என்னைச் சற்று மயக்கியது. கலங்கிய நீர் கண்முன் வருகிறது. ஆனால் ‘சூரியக் காற்றில் காந்தக் கலக்கம்’ என்று தலைப்பிட்டால் யாரோ கவலையில் இருப்பதுபோல் தொனிக்கும். ஆகவே பழைய ‘கொந்தளிப்பு’க்கே என் வாக்கு. சராசரி 5 நானோ டெஸ்லா புலத்தில் அதிலும் சிறு பங்கு ஆடுவதைக் கொந்தளிப்பு என்பது மிகையல்லவா என்று கேட்கலாம். சொல் சுட்டுவது ஒழுங்கின்மையை, வலிமையை அல்ல. கொந்தளிக்கும் புலம், கொந்தளிப்பற்ற பகுதி என்று கிளைவிடவும் செய்கிறது. சுழிப்பிலிருந்து ‘சுழிப்பற்ற’ என்று எழுதிப் பாருங்கள், தெரியும்.

என் பரிந்துரை: சிற்றளவுக் காந்தக் கொந்தளிப்பு. ஆற்றல் அளவு அளவாகக் கீழிறங்குவதற்குப் (cascade) ‘படியிறக்கம்’. ‘அருவி’ என்றால் ஒரே பாய்ச்சலில் விழுந்துவிடும்.

கடைசியில் அந்த ஆற்றல் துகள்களைச் சூடாக்குவதற்குத்தான் (dissipation) சொல் கிடைக்கவில்லை. ‘சிதறல்’ ஒளிக்குப் போய்விட்டது. ‘உராய்விழப்பு’ தவறு: சூரியனிலிருந்து பூமிக்கு வருவதற்குள் ஒரு துகள் மற்றொன்றோடு சராசரியாக ஒருமுறை மோதினாலே பெரிது, உராய்வுக்கு இடமேது? ‘இழப்பு’ என்பதும் பொருந்தாது. விரிந்து பரவும் காற்று ஆறவேண்டிய அளவுக்கு ஆறாமல் இருப்பதே அந்த ஆற்றல் தொலையவில்லை என்பதற்கு அடையாளம். இப்போதைக்கு ‘வெப்பமாதல்’ என்று எழுதி வருகிறேன். இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.