எழுத்தாணி வடிவ மவுஸ் சுட்டி (கர்சர்) சில செயலிகளில் மங்குகிறது: உதவி தேவை

வணக்கம். பாளையங்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுக்கிறேன். லினக்ஸில் கே.டி.இ. பிளாஸ்மா 6.2 என்ற டெஸ்க்டாப் சூழல், வேலண்ட் என்ற புதிய திரைக்காட்சி முறையின் அமர்வில் ஓடுகிறது. 4கே திரையின் அளவை 200 சதவீதமாக வைத்திருக்கிறேன்.

24, 32, 48 பிக்சல் என்று குறித்த அளவுகளில் மட்டும் படங்களை வைத்திருக்கும் பழைய எக்ஸ்கர்சர் முறைக்கு மாறாக, எந்த அளவிலும் கூர்மை குறையாத எஸ்விஜி (வெக்டர் பட வடிவம்) சுட்டிகளை இந்தப் பதிப்பு ஏற்பதால், பனையோலையில் எழுதும் எழுத்தாணியின் வடிவில் ஒரு சுட்டியை இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியில் வரைந்தேன் (அம்புக்குறியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது). அதை 'கர்சர்ஸ்_ஸ்கேலபிள்' கோப்புறையில் வைத்து, இயல்பளவு 24 என்றும், சொடுக்கு விழும் புள்ளியாக ஆணி நுனியின் இடத்தையும் மெட்டாடேட்டா கோப்பில் குறித்தேன். டெஸ்க்டாப்பில் நுனி ஊசிபோல் தெரிகிறது. ஆனால் எக்ஸ்வேலண்ட் (பழைய எக்ஸ்11 செயலிகளை வேலண்டில் ஓட்டும் இடைமென்பொருள்) வழியாக ஓடும் படத்தொகுப்புச் செயலிக்குள் நுழைந்ததும், அது எக்ஸ்கர்சர் படத்தையே தேடுவதால், சுட்டி மங்கிவிடுவதோடு நுனியும் இரண்டு மூன்று பிக்சல் தள்ளிச் சொடுக்குகிறது. மணமகள் பெயரின் கால் எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து தேர்வாகிறது!

எஸ்விஜியிலிருந்து 48, 72, 96 பிக்சல் படங்களை எடுத்து, எக்ஸ்கர்சர்ஜென் கருவியால் பழைய வடிவக் கோப்பையும் உடன் சேர்ப்பதுதான் வழியா? அப்படியானால், ஒவ்வோர் அளவுக்கும் நுனியின் இடத்தை முழு எண்ணாக எவ்வாறு திருத்துகிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் தங்கள் அமைப்புக் கோப்பின் வரிகளை இங்கே ஒட்டினால் பேருதவியாக இருக்கும்.